குழாய்க்குள் ஊர்ந்த வண்டு

நேற்று மாலை சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. தீப்பெட்டிக்குள் ஈ மாட்டிக்கொண்டாற்போல ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். நம் மருமகள் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, அதன் முதுகில் பழைய செல்போனிலிருந்து பிடுங்கிய அரிசியளவு மோட்டாரையும் ஒரு பொத்தான் பேட்டரியையும் ஒட்டியிருந்தாள். அது தட்டுக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டப்போறேன் மாமா. சின்ன ரோபோ," என்றாள்.

"நாங்க வண்டுன்னு சொன்னோம்," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீ கூடவே இருந்தாய், உனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நமக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் தெருத்தெருவாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. நான் வயர்மேன் லைசென்ஸ் வாங்கி, மற்றவரிடம் கூலிக்குப் போவதை விட்டுவிட்டு, சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்தேன். நீ பாலசமுத்திரத்துக்காரி. உன் அப்பா அங்கே மாவு மில் வைத்திருந்தார். பெல்ட் வழுக்கினால் சத்தத்தை வைத்தே என் மகள் சொல்லிவிடுவாள் என்று பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் பெருமையடித்தபோது, என் அம்மா முகத்தைச் சுளித்தாள். எனக்கோ அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது. இங்கே வந்த பிறகும் நீ உன் ஊர்ப் பேச்சில் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாய். நம் தெருப் பெண்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி "ஏனுங்க" என்பாய்.

பழனி ரோட்டில் ஒரு டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முழு வயரிங்கும் என்னிடம் வந்தது. தனியாக நான் எடுத்த முதல் பெரிய வேலை. முன்கட்டில் மீட்டர் அறை, பின்கட்டில் பிரசவ அறை. நடுவே பெரிய வார்டு. மீட்டரிலிருந்து பிரசவ அறைக்குப் போகும் கனத்த கேபிள் வார்டின் தரைக்கடியில்தான் போக வேண்டும் என்று பிளானிலேயே போட்டிருந்தார்கள். அதற்காக நாற்பதடி நீளத்துக்கு, நாலங்குலச் சிமென்ட் குழாய் புதைத்தோம். பாதி வழியில் ஒரு வளைவும் உண்டு. இப்படிக் குழாய் புதைக்கும்போது உள்ளே ஓர் இழுகம்பியைப் போட்டு வைக்க வேண்டும். பிற்பாடு அதன் நுனியில் கேபிளைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் வேலை முடிந்தது. கம்பியைப் போட மறந்துவிட்டால் அந்தக் குழாய் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

நான் மறந்துவிட்டேன்.

குழாய் பதித்த அன்று பழனியில் ஒரு லாட்ஜில் அறைக்கு அறை காலிங் பெல் மாட்டும் வேலையும் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டிருந்தேன். "மூடிரலாமா வயர்மேன்?" என்று கொத்தனார் சவரிமுத்து கேட்டார். "மூடுங்க மூடுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் மண்ணை மூடி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் மொசைக் தரை போட்டார். அந்தத் தரையை நீயும் பார்த்தாய். பச்சையும் வெள்ளையுமாகக் கல் பதித்து, அவருடைய ஆட்கள் நாட்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. சவரிமுத்து செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் அதில் கால் வைப்பார்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேபிளை இழுக்கப் போனேன். குழாயின் வாயைத் திறந்து கையை விட்டேன். கம்பி இல்லை. மறுமுனைக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. டாக்டரம்மா பின்னாலேயே வந்து நின்றார். "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடியை நான் பலமுறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கம்பி போட்டிருந்தேங்கம்மா. கான்கிரீட் போட்ட ஆளுக உருவியிருக்கணும்."

சவரிமுத்து அங்கேதான் ஜன்னல் ஓரமாகச் சாந்து பூசிக்கொண்டிருந்தார். கரண்டியோடு திரும்பினார். "எங்க ஆளுக தொடலைங்கம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை, திகைப்பு இருந்தது. டாக்டரம்மா நேரம் வீணாக்குகிறவர் இல்லை. "கம்பியை யார் எடுத்தாங்கன்னு எனக்கு வேண்டாம். கேபிள் போகணும். போகலைன்னா, கொத்தனாரே, தரையை உடைச்சு நீங்களே திரும்பப் போட்டுக் குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன்னிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். நீ முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாய். ஆறு மாத வயிறு உனக்கு. "தரையை உடைக்காம ஆகாதுங்களா?" என்று மட்டும் கேட்டாய். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் எல்லாமும் செய்து பார்த்தோம். இரும்புக் கம்பியை விட்டுத் தள்ளினேன். வளைவு வரைக்கும் போய் முட்டி நின்றது. மூங்கிலைப் பிளந்து விட்டேன். அதுவும் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் காலையில் சவரிமுத்து ஓர் எலிப்பொறியோடு வந்தார். உள்ளே ஒரு சுண்டெலி. உனக்கு அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். நான் அங்கே சிரிக்கவில்லை. தன் தரையைக் காப்பாற்ற அந்த மனிதர் எலி பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"வால்ல நூலைக் கட்டி விடுவோம் தம்பி. அந்தப் பக்கம் கருவாடு வச்சிருக்கேன். வாசம் புடிச்சுப் போயிரும்," என்றார்.

எலி உள்ளே போனது. நூல் ஏழெட்டு அடி ஓடியது, பிறகு நின்றது. சற்று நேரம் கழித்து எலி திரும்பி வந்து, எங்கள் கால்களுக்கிடையே பாய்ந்து தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. நூலை இழுத்தால் கடித்து அறுத்த நுனி வந்தது. சவரிமுத்து கருவாட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "அம்புட்டுதான். திங்கக்கிழமை உடைச்சிருறேன்," என்றார். யாருக்கோ துக்கம் சொல்கிற குரல் அது.

அன்று மத்தியானம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய்: "ஏனுங்க, அந்தக் குழாய்க்குள்ள கம்பியைத் தள்ளத்தானே முடியலை. தானா நடந்து போறதை விட்டா?"

"எலிதான் போகலையே."

"எலிக்குப் புத்தி இருக்குதுங்க, அதான் திரும்பிருச்சு. புத்தி இல்லாதது வேணும்." பிறகு உன் அப்பாவின் மில்லைப் பற்றிச் சொன்னாய். மாவு தட்டுகிற பிரஷ்ஷை மில் ஓடும்போது மேல்தட்டில் வைத்தால், அதிர்வில் அது மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்துவிடுமாம். எத்தனை முறை எடுத்து வைத்தாலும் ஒரே திசையில்தான் போகுமாம். சின்னப் பிள்ளையில் நீ அதைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறாய். திருப்பி வைத்தால் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. "பிரஷ் மயிரு தேஞ்சு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சுங்க. மயிரு சாஞ்ச பக்கம் போகாது. குதிக்கக் குதிக்க அதுக்கு எதிர்ப்பக்கமாத்தான் போகும்."

நான் பிசைந்த கையோடு உன்னையே பார்த்தேன். நீ அதற்குள் எழுந்து என் ஷூ பிரஷ்ஷைத் தேடப் போய்விட்டாய்.

அதிர்வதற்கு என்ன செய்வது என்பதை நான் சொன்னேன். என் பங்கு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான். பழனி லாட்ஜில் கழற்றிப் போட்ட பழைய காலிங் பெல் ஒன்று என் பையில் கிடந்தது. அதன் மணிக்கிண்ணம் நெளிந்துபோயிருந்தது. உள்ளே இருந்த இரண்டு காயில் சுருளும், கடகடவென்று ஆடும் சுத்தியும் நன்றாகவே இருந்தன. கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பாதியாக அறுத்த ஷூ பிரஷ்ஷின் முதுகில் திருகினேன். பேட்டரியை வெளியே வைத்து வயர் கொடுத்தேன். தரையில் விட்டதும் அது சத்தம் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"செக்குமாடு," என்றாய்.

மயிர் நேராக இருப்பதால்தான் அது சுற்றுகிறது என்று கண்டுபிடித்தவளும் நீதான். ஈரத்துணியைப் பிரஷ்மேல் போட்டு, மயிரை ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தி, கரிப்பெட்டியைச் சூடாக்கி இஸ்திரி போட்டாய். மயிர் கருகும் நாற்றம் வீடெங்கும் அடித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்து, "என்னத்தை வேக வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "பிரஷ்ஷுங்க," என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

இந்த முறை நேராக ஓடியது. ஆனால் பத்தடி போனதும் பின்னால் இழுபடும் வயரின் கனத்தில் நின்றுவிட்டது. வயரை எடுத்துவிட்டு, பேனா டார்ச்சுக்குப் போடுகிற சின்ன செல் மூன்றை அதன் முதுகிலேயே வைத்துச் சைக்கிள் ட்யூப் ரப்பரால் கட்டினோம். தலை கனத்துக் குப்புற விழுந்தது. செல்லைப் பின்னுக்குத் தள்ளினோம். மல்லாக்க விழுந்தது. நீ பொறுமையாக ஒரு நூலிழை, இரண்டு நூலிழை என்று நகர்த்தி நகர்த்தி வைத்தாய். பிரஷ்ஷின் மரத்தை நான் இழைத்து இழைத்து மெலிதாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அது வாசற்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு தையல் நூலை இழுத்துக்கொண்டு நேர்கோட்டில் போனது. நீ அடுப்படியில் அதைக் கையில் ஏந்தி எடுத்தாய். அது உன் உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. "வண்டு மாதிரி இருக்குதுங்க," என்றாய்.

ஒரு பயம் எனக்கு இருந்தது. சாய்ந்த மயிர் என்பதால் அது முன்னால் மட்டுமே போகும். வழியில் நின்றுவிட்டால் பின்னால் இழுக்க முடியாது. குழாயையும் அடைத்துக்கொள்ளும். அதை உன்னிடம் சொன்னேன். "நின்னா உடைக்கத்தான் போறாங்க. விடலைன்னாலும் உடைக்கத்தான் போறாங்க," என்றாய்.

திங்கட்கிழமை காலையில் நீயும் வந்தாய். சவரிமுத்து உளியும் சுத்தியலும் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய ஆட்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வண்டைக் குழாயின் வாயில் வைத்து, செல்லைத் தொடுக்கும் தகட்டை அழுத்தினேன். அது கிர்ரென்று உள்ளே போனது. நீ நூல்கண்டைப் பென்சிலில் செருகிப் பிடித்துக்கொண்டாய். நூல் ஓடியது. வளைவுக்குப் பக்கமாக வந்ததும் நின்றது.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீ என்னிடம் கண்டைக் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அந்தத் தரையில் படுத்துக் காதை வைத்தாய். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து கேட்டாய்.

"சத்தம் இருக்குதுங்க. நிக்கலை. ஒரு பக்கமா முட்டிக்கிட்டுத் துள்ளுது. அண்ணே, இந்த இடத்துல ஒரு தட்டுத் தட்டுங்க."

சவரிமுத்து சுத்தியலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சுத்தியலை எடுக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து மடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் குத்தினார். ஒருமுறை. இன்னொருமுறை.

"இன்னும் கொஞ்சம் பலமாங்க."

அவர் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு குத்தினார். என் விரலில் நூல் சுண்டியது. பிறகு ஓடத் தொடங்கியது.

பிரசவ அறைப் பக்கத்திலிருந்து ஒரு சித்தாள் பெண் கூவினாள்: "வந்திருச்சு, வந்திருச்சு." நாங்கள் எல்லோரும் ஓடினோம். வண்டு சிமென்ட் தூசியில் முங்கி, சாம்பல் நிறத்தில் குழாய் வாயிலிருந்து தரையில் விழுந்து, அங்கேயும் நடந்துகொண்டிருந்தது. நூலில் சணலைக் கட்டினோம், சணலில் கயிற்றை, கயிற்றில் கேபிளை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

டாக்டரம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். சவரிமுத்து டீ கிளாஸை வாங்கும்போது, "இனிமேலாவது உங்க ஆளுங்களைப் பார்த்து வேலை செய்யச் சொல்லுங்க கொத்தனாரே," என்றார் டாக்டரம்மா.

அவர், "சரிங்கம்மா," என்றார். அவ்வளவுதான். கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் தனியாக நின்று குடித்தார்.

நாம் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்:

"கட்டிலுக்கடியில ஒரு கம்பிச் சுருள் கிடக்குதுங்க. அந்த ஆஸ்பத்திரிக் குழாய்க்குன்னு வாங்கியாந்தது. கட்டுப் பிரிக்காம அப்படியே கிடக்குது. நெதமும் கூட்டுறப்போ நகத்தி வச்சுத்தான் கூட்டுறேன்."

முதல்நாளிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எனக்காகப் பிரஷ்ஷை இஸ்திரி போட்டிருக்கிறாய்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே. தரை உடையலையே," என்றேன்.

"வேலை முடிஞ்சிருச்சுங்க. அவருக்கு வந்த பேரு முடியலையே."

"இப்பப் போய்ச் சொன்னா அடுத்த வேலை எனக்கு வராது."

"வராதுங்க," என்றாய். சமாதானம் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. கேட் திறந்தது. நீ தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாய். நான் தாண்டவில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் திரும்பி வேகமாக நடந்தேன். நடை குறைந்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

வார்டில் டாக்டரம்மா இருந்தார். சவரிமுத்துவும் இருந்தார், தரையில் குத்திய இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். "குழாயில கம்பி போடலைங்கம்மா. நான்தான் மறந்துட்டேன். இவர் மேல பழியைப் போட்டது பொய். அந்த வண்டைச் செஞ்சதும் நான் இல்லை, என் சம்சாரம்."

"இந்த வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க," என்றார் டாக்டரம்மா. அவர் அடுத்துக் கட்டப்போகும் கட்டடத்தின் வேலை எனக்கு இல்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. சவரிமுத்து எழுந்து என் முன்னால் வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"எங்க ஆளுகளை ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டு, நீ உருவுனியா நீ உருவுனியான்னு கேட்டேன் தம்பி. என் மச்சினனைக் கை ஓங்கிட்டேன்," என்றார். துணியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நீ சோறு போட்டுக் காத்திருந்தாய். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம். சவரிமுத்து சொன்ன அந்த வார்த்தைகளை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அப்போது உன் வயிற்றிலிருந்த நம் பாஸ்கரன் அந்தப் பிரசவ அறையில்தான் பிறந்தான். நான் மாட்டிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எனக்கு அவ்வளவாக வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் சவரிமுத்து சைக்கிளில் வந்து நம் வாசலில் இறங்கினார். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். வேடசந்தூரில் ஒரு வீடு கட்டும் வேலை எடுத்திருக்கிறேன், வயரிங் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. "என்னையா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச வயர்மேன் அஞ்சாறு பேரு. எவனும் தப்பே பண்ணலைம்பான். நீங்க பண்ணுனதை வாசல்ல நின்னு சொன்ன ஆளு. உங்களோட வேலை பாக்குறது எனக்கு லேசு," என்றார். பிறகு உன்னைப் பார்த்து, "தங்கச்சி, இன்னொரு வண்டு செஞ்சு வச்சுக்கங்க, எதுக்கும்," என்றார். நீ அன்று சிரித்த மாதிரி அதற்கு முன் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் கை ஓயும் வரை நாங்கள் சேர்ந்தே வேலை செய்தோம்.

அதற்கப்புறம் எத்தனையோ வீடுகள், எத்தனையோ தப்புகள். பியூஸ் போனால், சுவரில் ஷாக் அடித்தால், வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்னால் என் வாய் சொல்லும்: "நான் போட்டதுதான், நான் பார்க்கிறேன்." முதல் இரண்டு மூன்று முறைதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அது என் தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. நான் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் உபயோகமானது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக அதைச் சொல்ல வேண்டி வந்தது நீ போன பிறகு. பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று பாஸ்கரன் கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "திடீர்னு வந்துச்சுப்பா" என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். நீ சாதாரணக் காய்ச்சல்தான் என்றாய். அதையும் காரணமாகச் சொல்லியிருக்கலாம்.

"நாலு நாளாவே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். நான்தான் நாளைக்குப் பார்ப்போம்னு தள்ளிப்போட்டேன்," என்றேன்.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தலை குனியவில்லை. குனியாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டில் திரும்பிப் பார்க்காமல் நீ நடந்துபோன நாளிலிருந்து தெரியும்.

வெகுநேரம் கழித்துப் பாஸ்கரன் எழுந்து வந்து என் தோளைத் தொட்டான். "வாங்கப்பா, சாப்பிடுங்க," என்றான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.